ஆளை மாற்றிப் பார்த்த ஃபால்ட்டு

எங்கள் தொழில்காரர்கள் சேர்ந்து ஆண்டு மலர் போடுகிறார்களாம். வண்டி ஒயரிங் கடை வைத்திருக்கும் இரண்டு பேர் வீடு தேடி வந்து, "உங்க சர்வீசுல மறக்க முடியாத ஃபால்ட்டு ஒன்ன எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். எதையாவது எழுதித் தருகிறேன் என்றேன். "எதையாவது வேணாம். அந்த மலை ஜீப்பு கதைய எழுதுங்க. இப்ப நாங்க மிசின மாட்டி ஃபால்ட்டு பாக்குறோம். நீங்க ஆள மாத்தி ஒக்கார வச்சே பிடிச்சவரு" என்று ஒருவர் சிரித்தார். காப்பி கொண்டுவந்த என் வீட்டுக்காரி டம்ளரைக் கொஞ்சம் பலமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு மீதிக் கதை தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கேட்டதையே எழுதுகிறேன், முழுசாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். தோட்டத்து வேலை எனக்கு ஒத்துவரவில்லை என்று வீட்டில் சொல்லுவார்கள். உண்மையில் நான்தான் தோட்டத்துக்கு ஒத்துவரவில்லை. தண்ணீர் பாய்ச்சப் போனால் வாய்க்காலை விட்டுவிட்டு மோட்டார் ரூமுக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். கடைசியில் அப்பாவே என்னைப் போடிக்குக் கூட்டி வந்து காதர் அண்ணன் கடையில் விட்டார். பேட்டரி முனை சுரண்டியது, ஒயர் தோல் உரித்தது, டீ வாங்கியது என்று சில வருடங்கள் போயின. அதில் எழுத ஒன்றுமில்லை.

காதர் அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வண்டி கடைக்குள் வந்ததும் பானட்டைத் திறக்க மாட்டார். டிரைவரை ஸ்டூலில் உட்காரவைத்துக் கதை கேட்பார். ஏறும்போது நின்றதா, இறங்கும்போதா? மழையா, வெயிலா? லோடு இருந்ததா? இருந்தால் எந்தப் பக்கம் இருந்தது? டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி இருக்கும். கேட்டு முடித்ததும் ஒரு தீக்குச்சியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொள்வார். அதன்பிறகு பேச்சு கிடையாது. ஃபால்ட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குச்சியைத் துப்புவார். அதற்கு முன்னால் யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார்.

பழைய வண்டி ஒயரிங்குக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒயர் கட்டை முன்னாலிருந்து பின்னால் வரை விரலாலேயே தடவிக்கொண்டு போக வேண்டும். வருடக்கணக்கில் சூட்டிலும் ஆயிலிலும் கிடந்த ஒயர் மேலே பார்க்கப் புதுசு போல இருக்கும். வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். "முதுகு நல்லாத்தான் இருக்கும். வயித்தத் தடவிப் பாரு" என்பார். இன்னொன்றும் சொல்லுவார். ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் மாற்ற வேண்டும். மாற்றி வண்டி சரியானால் அதோடு விடக்கூடாது. கழற்றிய பழைய சாமானைத் திரும்பவும் மாட்டிப் பார்க்க வேண்டும். ஃபால்ட்டு திரும்ப வந்தால்தான் அந்தச் சாமான் குற்றவாளி.

ஒரு தடவை வெள்ளைக் கார் ஒன்று செல்ஃப் எடுக்கவில்லை என்று வந்தது. அண்ணன் தொழுகைக்குப் போயிருந்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரி செத்துப்போச்சு" என்றேன். கார்க்காரர் போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்துவிட்டார். அண்ணன் வந்து பார்த்தால் எர்த்துப் பட்டை லூசாக இருந்தது. ஒரு நட்டை முறுக்கினார், பழைய பேட்டரியிலேயே வண்டி கிளம்பியது. என்னைத் திட்டவில்லை. "நீ சொன்னத அந்த மனுசன் நம்பிட்டாருப்பா" என்று மட்டும் சொன்னார். புதுப் பேட்டரியை என் தோளில் ஏற்றி, கடைத்தெரு வழியாக நடந்தே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். தெரிந்தவர்கள் எல்லாரும் என்னப்பா, என்னப்பா என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம்தான். பிற்பாடு வந்ததற்கு அந்தப் பெயர் போதாது.

அண்ணன் காலமானபிறகு கடையை நான் எடுத்து நடத்தினேன். போடியில் பழைய வண்டி என்றால் என்னிடம்தான் அனுப்புவார்கள் என்கிற அளவுக்குப் பெயர் வந்தது. அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கடையை விடுவதற்கு முந்தின மழைக்காலம். பரமன் என்கிற டிரைவர் ஜீப்போடு வந்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற வண்டி. விடிவதற்கு முன்னால் போடியில் கிளம்பி, போடிமெட்டு தாண்டிப் பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவர வேண்டும். அந்த மாதங்களில் மலையில் மஞ்சு இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டியின் முதுகுகூடத் தெரியாது. லைட் இல்லாமல் ஏறவே முடியாது.

"மேல ஒரு வளைவுல மட்டும் லைட்டு மொத்தமா நின்னுருதுண்ணே. வளைவு தாண்டுனா தானா வந்துருது. வண்டியில அத்தன பொம்பளைக இருக்காக. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எனக்கு உசுரே இல்ல."

அந்தக் காலத்து ஜீப்பில் லைட் சுவிட்சுக்குள்ளேயே ஒரு சின்னப் பட்டை இருக்கும். எங்காவது ஒயர் பாடியில் பட்டு ஷார்ட்டானால் அது சூடாகி விலகி எல்லா லைட்டையும் நிறுத்திவிடும். ஆறியதும் தானாக ஒட்டிக்கொள்ளும். ஃபியூஸ் மாதிரி உருகாது, அதனால் தடயமும் இருக்காது. ஆகவே எங்கோ ஷார்ட்டு என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. வண்டியும் சாமானியப்பட்ட வண்டி இல்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சீரியல் பல்பு போடுவதற்காக யார் யாரோ ஒயரைக் கீறி முறுக்கிய ஒட்டுகள் வழிநெடுகக் கிடந்தன. அவ்வளவையும் அவிழ்த்துப் புது டேப்பு சுற்றினேன். சுவிட்சை மாற்றினேன். முன்பக்க ஒயர் முழுவதையும் புதிதாக இழுத்தேன். பின் லைட்டுக்குப் போகிற ஒயர் இடதுபக்க முன்சீட்டுக்கு அடியில் ஓடியது. சீட்டைக் கழற்றச் சோம்பல்பட்டு, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அணைவது முன் லைட்டு, பின் ஒயரில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

வண்டி திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாவது தடவை பரமன் கடை வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வயசாயிருச்சுன்னா சொல்லிருங்கண்ணே, தேனியில காட்டிக்கிறேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் நானே ஜீப்பில் ஏறினேன்.

முன்சீட்டில் வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டிய மனுசி. கொஞ்ச வருடத்துக்கு முன்னால் அவள் புருசன் இதே மலை ரோட்டில் லாரி மோதி இறந்தவர். முட்டிவலி என்பதால் அவளுக்கு முன்சீட்டு என்று மற்ற பெண்களே விட்டுக்கொடுத்திருந்தார்கள். நான் பின்னால் படியில் தொற்றிக்கொண்டு போனேன். அந்த வளைவு வந்தது. வலதுபக்கம் திரும்பி ஏறும்போது வண்டி இடதுபுறம் நன்றாகச் சரியும். லைட் பொட்டென்று நின்றது. பெண்கள் சாமி பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பரமன் பிரேக்கை மிதித்து நின்றான். சற்று நேரத்தில் லைட் தானாக வந்தது.

"இந்த அக்கா முன்னால வராத அன்னைக்கு லைட்டு நிக்கிறதில்லண்ணே. நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் வர்றேன்" என்றான் பரமன், குரலைத் தாழ்த்தி.

அந்த இடத்தில் காதர் அண்ணனாக இருந்தால் தீக்குச்சியை எடுத்திருப்பார். நான், "அப்ப ஆள மாத்திப் பாப்பமே" என்றேன்.

மறுநாள் வேலுத்தாயைப் பின்னால் ஏற்றி, ஒல்லியான ஒரு பிள்ளையை முன்னால் உட்காரவைத்தேன். லைட் நிற்கவில்லை. அதற்கு மறுநாள் வேலுத்தாயைத் திரும்ப முன்னால் உட்காரவைத்தேன். வளைவில் லைட் நின்றது. கழற்றிப் பார்த்து, மாட்டிப் பார்த்து, அண்ணன் சொன்ன முறையைத் துளி பிசகாமல் செய்துவிட்டேன். ஒரு சாமானுக்குச் செய்ய வேண்டியதை ஒரு மனுசிக்குச் செய்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அதோடு நின்றேனா என்றால் இல்லை. இத்தனை நாள் தோற்ற ஆத்திரம், பரமன் கடை வாசலில் பேசிய பேச்சு, எல்லாம் சேர்ந்து எனக்கு நாலு பேர் முன்னால் ஜெயிக்க வேண்டியிருந்தது. ஜீப்பின் பக்கவாட்டைத் தட்டி, "ஃபால்ட்டக் கண்டுபிடிச்சாச்சுடா பரமா. இந்தா ஒக்காந்திருக்குல்ல, இதுதான்" என்றேன். ஜீப்பே சிரித்தது. வேலுத்தாயும் சிரித்தாள். "போங்கண்ணே, ஒங்களுக்கு நாந்தான் கெடச்சனா" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அது வேடிக்கையாகப் போய்விட்டது என்று நான் இறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப்பிறகு நடந்ததெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. பரமன் அவளை முன்சீட்டில் ஏற்றவில்லை. லைட்டும் நிற்கவில்லை. லைட் நிற்காமல் போகப் போக, என் வேடிக்கை உறுதியாகிக்கொண்டே வந்தது. புருசனையே அந்த ரோட்டில் பறிகொடுத்தவள் என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். பின்சீட்டிலும் பக்கத்தில் இருக்கிறவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். கடைசியில், "வேற ஜீப்புல வாக்கா" என்றான் பரமன். வேறு ஜீப்புக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்துதான் இருந்தது. விடியாத இருட்டில் தூக்குவாளியோடு ஸ்டாண்டில் நின்று நின்று பார்த்துவிட்டு, அவள் மலை வேலையையே விட்டுவிட்டாள். போடியில் ஒரு களத்தில் ஏலக்காய் பொறுக்கப் போகிறாள் என்றார்கள். முட்டிவலிக்காரிக்கு அதுதான் நல்லது என்று நான் சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது என் கையே எனக்குப் பிடிக்கவில்லை.

மழைக்காலம் முடிந்து, பரமன் ஜீப்புக்குப் புது சீட்டுத் துணி போட வந்தான். பின் லைட்டும் மங்கலாக எரிகிறது, பாருங்கள் என்றான். இடதுசீட்டைக் கழற்றி வெளியே வைத்தோம். பின்பக்க ஒயர் ஒரு கிளிப்பு விட்டுப்போய்த் தரையை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. விரலை அடியில் விட்டுத் தடவினேன். தோலே இல்லை. வெறும் செம்பு. கீழே ரப்பர் மேட்டு கிழிந்து தெரிந்த தகரத்தில் வட்டத்தின் ஓரம் மாதிரி ஒரு கருகல் இருந்தது. பிறை அளவுக்கு.

அந்த வட்டம் என்ன என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாளியின் அடி வட்டம் அது. வேலுத்தாய் சோத்துக்குக் கொண்டுபோகிற எவர்சில்வர் தூக்குவாளியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி வைப்பாள். நான் ஏறிய அன்றும் வைத்ததைப் பார்த்தேன். மாற்றி உட்காரவைத்த பிள்ளை பிளாஸ்டிக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தது. வேலுத்தாய் பின்னால் ஏறினால் நெரிசலில் வாளியை மடியில்தான் வைத்துக்கொள்வாள்.

பக்கத்து டீக்கடையில் ஒரு தூக்குவாளி வாங்கிவரச் சொன்னேன். சீட்டை மாட்டி, வாளியை அடியில் வைத்து, லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, வாளியைக் காலால் மெதுவாக இடதுபக்கம் நகர்த்தினேன். விளிம்பு ஒயரின் அடியில் போய்ச் செம்பையும் தகரத்தையும் ஒன்றாகத் தொட்டது. லைட் நின்றது. வாளியை இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் வந்தது. திரும்பத் தள்ளினேன். நின்றது.

"பாத்தியா பரமா?" என்றேன்.

"பாத்தேண்ணே. அதான் இப்ப நல்லா ஓடுதே, விடுங்க. டேப்ப சுத்திட்டு வெரசா மாட்டுங்க, சோலி கெடக்கு."

விட முடியவில்லை. அந்த ஒயரை வெட்டி எடுத்து வேறு போட்டேன். வெட்டிய துண்டை எடுத்துக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போய், டிரைவர்களைக் கூட்டிவைத்து, விளக்கமாகச் சொன்னேன். அண்ணன் என்று என்மேல் மரியாதை வைத்திருந்தவர்கள்தான், அக்கறையாகத்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒருவன், "எத்தன பேரு அந்த சீட்டுல ஒக்காந்துருக்காக? அந்தக்கா வாளி மட்டும் போயி தொடணும்னா, அப்ப என்னமோ இருக்குல்லண்ணே" என்றான். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். நான் சொன்ன ஒரு வேடிக்கையை நம்பியவர்கள், நான் கையில் வைத்துக் காட்டிய செம்பை நம்பவில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானே போட்ட ஒயரிங் அது.

ஞாயிற்றுக்கிழமை வேலுத்தாய் வீட்டுக்குப் போனேன். வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணே" என்று சேர் எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. துண்டு ஒயரைக் காட்டி, சீட்டு, வாளி, வளைவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என் மேலதான் ஆத்தா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவள் ஒயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெசமாவாண்ணே? வாளிதானா?"

"வாளிதான் ஆத்தா. எத்தன தடவ வேணாலும் செஞ்சு காட்டுறேன்."

"பரமன் சொல்லியிருந்தா நான் சண்டைக்குப் போயிருப்பேண்ணே. அவன் பேயி, காத்துக் கருப்புன்னு எதையாச்சும் பேசுறவன். நீங்க அப்படிப் பேசுற ஆளு இல்லையே. மாத்தி மாத்தி ஒக்கார வச்சுப் பாத்துட்டுத்தான சொன்னீக. அதான் நானும் இருக்கும்னு இருந்துட்டேன்."

அவள் சிரித்ததை நினைத்து அவள் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்று இத்தனை நாள் என்னை நானே சமாதானம் செய்து வைத்திருந்தேன்.

"பொட்டிபுரத்துல எம் மகளுக்கு ரெண்டாவது பிள்ள பெறந்துருக்குண்ணே. பொம்பளப் பிள்ள. மாமியா வீட்டுல இருக்கா. போயி வாசல்ல நின்னு பாத்துட்டு, சளி புடிச்சிருக்குன்னு சொல்லி வந்துட்டேன். அடுத்தாப்ல போனப்பவும் அப்படித்தான். இன்னும் தூக்கல." ஒயரைக் கீழே வைத்தாள். "அப்ப நான் பிள்ளையத் தூக்கலாமாண்ணே?"

பேத்தியைத் தூக்கலாமா என்று ஒரு ஒயரிங்காரனிடம் அனுமதி கேட்டாள். என் தொழில் வாழ்க்கையில் எவ்வளவோ பேர் என்னிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை. "தூக்கு ஆத்தா" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் உடனே கிளம்பிவிட்டாள். நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் ஏறிப் போனோம். பொட்டிபுரத்தில் சம்பந்தியம்மாளிடம், "எங்க அண்ணன் மொறை. வண்டிக்கு ஒயரிங் சோலி பாக்குறவரு" என்று என்னை அறிமுகப்படுத்தினாள். நான் சொன்ன பேச்சு அந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது என்பது அந்தம்மாள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அப்படிச் சொன்னவன் நான்தான், அது பொய், வாளி பட்டுத்தான் லைட் நின்றது என்று அந்த வீட்டு நடுவில் நின்று சொன்னேன். அந்தம்மாள் கேட்டுக்கொண்டாள்.

மகள் பிள்ளையைக் கொண்டுவந்து வேலுத்தாயின் கையில் கொடுத்தாள். இவள் முழங்கையில் தலையைத் தாங்கி, நெஞ்சோடு அணைத்து, நெற்றியில் முகத்தை வைத்தாள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பிள்ளை கால்களை உதைத்து வீறிட்டு அழுதது. கைப்பிள்ளை அழத்தான் செய்யும். வேலுத்தாய் பிள்ளையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பசியா இருக்கும் ஆத்தா, வேற ஒன்னுமில்ல" என்றேன்.

அதற்குள் அவள் பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டாள்.